உலை கொதிக்கட்டும், முதலில் பானையைக் காட்டுங்கள்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படிப்பது பி.காம். பதினொன்றாம் வகுப்பிலேயே இயற்பியலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு காமர்ஸ் குரூப்புக்கு வந்தவன். "உனக்கெல்லாம் அணுக்கரு இணைவு பற்றி எழுத என்ன தகுதி இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. அந்த உலைக்குப் போகிற பணம் வரிப்பணம். அதை எங்கே செலவு செய்கிறார்கள், எங்கே செய்யாமல் விடுகிறார்கள் என்று கேட்பதற்குக் கணக்குப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2025 ஜனவரியில் சீனாவின் ஈஸ்ட் கருவி பிளாஸ்மாவை 1,066 விநாடிகள் பிடித்து வைத்தது. அடுத்த மாதமே பிரான்சின் வெஸ்ட் கருவி 1,337 விநாடிகள் பிடித்து அதை முந்தியது. நம் பத்திரிகைகளில் "செயற்கைச் சூரியன் சாதனை" என்று கொட்டை எழுத்தில் வந்தது. எத்தனை கோடி டிகிரி, எத்தனை விநாடி என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் உலை எவ்வளவு கொதிக்கிறது என்று கேட்கிற யாரும் அது எந்தப் பானையில் கொதிக்கிறது என்று கேட்பதாகத் தெரியவில்லை. பானை தாங்குமா, எத்தனை நாள் தாங்கும், தாங்கும் என்று எங்கே சோதித்துப் பார்த்தீர்கள்? இந்த மூன்று கேள்விகளுக்குத்தான் இந்தக் கட்டுரை.

நகத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி

டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற ஹைட்ரஜனின் இரண்டு வகைகளை இணைய வைத்தால் ஆற்றல் வருகிறது. அதில் 80 சதவீதத்தை நியூட்ரான்கள் தூக்கிக்கொண்டு சுவருக்குள்ளேயே பாய்ந்து போகின்றன. மீதி 20 சதவீதம் பிளாஸ்மாவுக்குள் தங்கி அதைச் சூடாக வைத்திருக்கிறது. காந்தப்புலம் பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் அந்தரத்தில் பிடித்து வைத்திருக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் உள்ளே போன வெப்பம் என்றைக்காவது வெளியே வந்துதானே ஆகவேண்டும்? அது வந்து விழுகிற இடத்துக்கு டைவர்ட்டர் என்று பெயர். உலையின் சாக்கடை வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வெப்பம் விழும். கேட்டால் ஒன்றும் புரியாது. சதுர சென்டிமீட்டருக்கு மாற்றிப் பாருங்கள், 1,000 வாட் வருகிறது. அதாவது வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றின் மொத்தச் சூட்டையும் உங்கள் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் குவிக்கிறீர்கள். மின் நிலையம் என்றால் இதை இடைவிடாமல், மாதக்கணக்கில் செய்யவேண்டும். போதாக்குறைக்கு நியூட்ரான் வேறு உள்ளே புகுந்து உலோகத்தின் அணுக்களை இடம்பெயர்த்து அதை நொறுங்கலாக்கும்.

இப்போதைக்கு எல்லோரும் நம்பியிருப்பது டங்ஸ்டன். உருகுநிலை 3,422 டிகிரி. பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் உலைகூட, முன்பு திட்டமிட்டிருந்த பெரிலியம் உள்சுவரைக் கைவிட்டு டங்ஸ்டனுக்கு மாறிவிட்டது. ஆனால் திடப்பொருள் எதுவானாலும் தேயும், விரிசல் விடும். விரிசல் விட்டால் மாற்றவேண்டும். உள்ளே கதிரியக்கம் இருப்பதால் மனிதன் போகமுடியாது, ரோபோவை அனுப்பவேண்டும். அதுவரை உலை சும்மா நிற்கும். உலை நின்றாலும் கடனுக்கு வட்டி நிற்காது. இது எங்கள் பாடம்!

ஈயச் சொம்பும் பேரருவியும்

வீட்டில் ஈயச் சொம்பில் ரசம் வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ரசம் உள்ளே இருக்கும்வரை சொம்புக்கு ஒன்றும் ஆகாது. ஞாபகமறதியாக வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அவ்வளவுதான், உருகி ஓடிவிடும். வெள்ளீயத்தின் உருகுநிலை 232 டிகிரிதான். பாத்திரத்தைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கிற திரவம்.

இதையே கொஞ்சம் திருப்பி யோசித்தவர்கள்தான் திரவ உலோகச் சுவர் ஆராய்ச்சியாளர்கள். சுவரே உருகிய உலோகமாக இருந்துவிட்டால் என்ன? ஏற்கனவே உருகியதை இன்னும் எப்படி உருக்குவது? திரவத்தில் விரிசல் எப்படி விழும்?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சாரல் காலத்தில் பேரருவியின் பாறை கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர்தான் தெரியும். நீங்கள் எதை எறிந்தாலும் முதலில் படுவது தண்ணீர் மேல். அடுத்த நொடி அங்கே இருப்பது வேறு தண்ணீர். சுவர் ஒவ்வொரு நொடியும் புதிதாகிக்கொண்டே இருக்கிறது. பாதி உயரத்தில் பொங்குமாங்கடல் இருப்பதால்தான் மேலிருந்து வருகிற வேகம் அங்கே அடங்கி, கீழே நாம் தலை காட்டமுடிகிறது. திரவ உலோகத்திலும் இப்படி ஒன்று உண்டு. சூடு அளவு மீறும்போது உலோகம் ஆவியாகி முன்னால் ஒரு மேகம் மாதிரி நின்றுகொள்கிறது, வர இருக்கிற வெப்பத்தில் ஒரு பகுதியை அதுவே வாங்கிக்கொள்கிறது. நெதர்லாந்தின் டிஃபர் ஆய்வு நிலையத்தில் வெள்ளீயத்தை வைத்து இதைச் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள்.

அருவி மாதிரி ஓடவிடுவது ஒரு வழி. இன்னொரு வழி விளக்குத் திரி. டங்ஸ்டன் கம்பி வலையை உலோகக் குளத்தில் தோய்த்துவிட்டால், திரி எண்ணெயை இழுப்பதுபோல வலை திரவத்தை இழுத்து மேற்பரப்பை நனைத்துக்கொண்டே இருக்கும். காய்ந்தால் தானே நிரம்பும்.

அப்புறம் என்ன, செய்துவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது சிக்கல்.

உலோகத் திரவம் மின்சாரத்தைக் கடத்தும். பலமான காந்தப்புலத்துக்குக் குறுக்கே அது ஓடினால் அதற்குள் மின்னோட்டம் பிறந்து, அதுவே பிரேக் போட்டுவிடும். அருவியாக விழவேண்டியது பாகு மாதிரி நகரும். லித்தியம் 180 டிகிரியிலேயே உருகும், எடை குறைந்த அணு என்பதால் பிளாஸ்மாவில் கொஞ்சம் கலந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சீக்கிரம் ஆவியாகும், தண்ணீர் பட்டால் கடுமையாக வினைபுரியும், அரிதான டிரிட்டியம் எரிபொருளை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்ளும். வெள்ளீயம் அவ்வளவு ஆவியாகாது. ஆனால் கனமான அணு, துளி சிதறிப் பிளாஸ்மாவில் விழுந்தால் பிளாஸ்மா சூட்டைக் கதிர்வீச்சாக இழந்து தணிந்துபோகும். 2022-ல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேட் கருவியில் வெள்ளீயப் பாகம் ஒன்றை வைத்துப் பார்த்தபோது நடந்தது இதுதான். துளிகள் தெறித்தன, பிளாஸ்மாவில் வெள்ளீயம் கூடியது.

இதைத் தோல்வி என்று சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு சிறிய பாகத்தைச் செருகி, பிரச்சினையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, எடுத்துவிட்டார்கள். இதையே பல்லாயிரம் கோடி ரூபாய் உலையைக் கட்டி முடித்தபிறகு தெரிந்துகொண்டிருந்தால்?

ஒரு தெர்மாமீட்டர் குழாயின் விலை

"இருந்தால்" என்று சும்மா பயமுறுத்தவில்லை. உண்மையாகவே நடந்திருக்கிறது. இணைவு உலையில் அல்ல, திரவ சோடியம் ஓடும் வேக ஈனுலையில். ஜப்பானின் மொஞ்சு உலை 1995 ஆகஸ்டில் மின்சாரம் தரத் தொடங்கியது. அதே வருடம் டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. காரணம் என்ன தெரியுமா? சோடியம் ஓடும் குழாய்க்குள் வெப்பநிலை அளக்கச் செருகியிருந்த சின்ன உறை. ஓட்டத்தின் வேகத்தில் அது அதிர்ந்து அதிர்ந்து உடைந்துபோனது. அணுப்பிளவு, கதிரியக்கம் எதுவும் அல்ல, தெர்மாமீட்டர் உறை!

அதன்பிறகு 2010 வரை உலை ஓடவில்லை. மறுபடி தொடங்கிய கொஞ்ச நாளிலேயே வேறு சிக்கல்கள். 2016 டிசம்பரில் இழுத்து மூடுவதென்று அரசு முடிவு செய்தது. ஒரு லட்சம் கோடி யென்னுக்கு மேல் போட்ட முதல். ஒரு குழாய்ச் செருகலை உண்மையான ஓட்டத்தில், உண்மையான வேகத்தில் ஒழுங்காகச் சோதித்திருந்தால் ஆகியிருக்கும் செலவை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், கண்ணுக்கே தெரியாது.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் தரச் செலவு என்று ஒரு பாடம் உண்டு. தடுப்பதற்கான செலவு, சோதிப்பதற்கான செலவு, உள்ளே கெட்டுப்போனால் வரும் செலவு, வெளியே போய்க் கெட்டுப்போனால் வரும் செலவு என்று நான்காகப் பிரிப்பார்கள். முதல் இரண்டில் மிச்சம் பிடிப்பவன் பின் இரண்டில் மொத்தமாகக் கட்டுவான். இதை ஐந்து மார்க் கேள்வியாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். மொஞ்சுதான் அதன் விடை.

நெருப்பு காந்திநகரில், திரவம் கல்பாக்கத்தில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியா 2005 டிசம்பரில் ஈட்டர் திட்டத்தில் சேர்ந்தது, சுமார் 9 சதவீதப் பங்கு நம்முடையது. அந்த உலையின் மிகப்பெரிய வெளிப்பாத்திரமான கிரையோஸ்டாட், 3,850 டன் எடை, குஜராத்தின் ஹசிராவில் எல் அண்ட் டி செய்தது. 2020-ல் கடைசிப் பகுதியை அனுப்பினார்கள். ஆக வெளிப்பானை நாம் செய்ததுதான். பெருமைப்படலாம். என் கேள்வி உள்பானை பற்றி.

காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆதித்யா என்ற டோகமாக் அங்கே 1989 முதல் ஓடியது, பிறகு ஆதித்யா-யு ஆனது. எஸ்.எஸ்.டி-1 கருவியும் அங்கேதான். எலெக்ட்ரான் கற்றையால் பாகங்களைச் சுட்டுப் பார்க்கிற உயர்வெப்பச் சோதனைக் கூடமும் உண்டு. ஈயமும் லித்தியமும் கலந்த திரவத்தைக் குழாயில் ஓடவிட்டு ஆராய்கிறார்கள். ஈட்டரில் வைத்துச் சோதிப்பதற்கென்று அந்தக் கலவையை வைத்தே ஒரு போர்வைப் பாகத்தை வடிவமைத்தார்கள். அது சுவருக்குப் பின்னால் ஓடுகிற திரவம், பிளாஸ்மாவைப் பார்த்து நிற்கிற திரவம் அல்ல. ஆனாலும் பம்பு, அரிப்பு, காந்தப் பிரேக் எல்லாம் இரண்டுக்கும் பொதுவான தலைவலிகள். பலமான காந்தப்புலத்தில் அந்தக் கலவையை ஓடவிட்டுப் பார்க்க நம் ஆட்கள் லாட்வியாவின் ரீகா வரை போகவேண்டியிருந்தது. கூட்டாகச் செய்வதில் தப்பில்லை. ஆனால் அந்த வசதி ஏன் இங்கே இல்லை?

இங்கே என்றால் எங்கே? கல்பாக்கத்தில். திரவ உலோகத்தோடு பழகியவர்கள் இந்தியாவில் அங்கே இருப்பதுபோல் வேறெங்கும் இல்லை. சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபரில் தொடங்கியது முதல் நாற்பது வருடமாக உருகிய சோடியத்தைக் குழாயில் ஓடவிட்டு, பம்பு செய்து, கசிவைக் கண்டுபிடித்து, தீப்பிடித்தால் அணைக்கிற வித்தை அவர்களுக்குத் தெரியும். பெரிய பாகங்களை உலையில் போடுவதற்கு முன் சோடியத்தில் போட்டுப் பார்ப்பதற்கென்றே அங்கே தனிக்கூடம் உண்டு. சோடியமும் லித்தியமும் ஒரே குடும்பத்து உலோகங்கள். அண்ணனை நாற்பது வருடம் வளர்த்தவர்களுக்குத் தம்பியைச் சமாளிக்கத் தெரியாதா என்ன?

அதே கல்பாக்கம் இன்னொரு பாடமும் தருகிறது. 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கு 2003-ல் 3,492 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது, 2010-ல் முடிப்பதாகப் பேச்சு. உலையின் உள்ளகத்தை நிரப்பத் தொடங்கியது 2024 மார்ச்சில். நடுவில் சுனாமி வந்தது உட்படக் காரணங்கள் பல, யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. திரவ உலோகம் நாம் காகிதத்தில் எழுதுகிற தேதிக்குக் கட்டுப்படாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைத் தெரிந்துகொண்டும் நாம் என்ன செய்கிறோம்? மறுபடி தேதி எழுதுகிறோம். 2025-ல் காந்திநகர் ஆய்வாளர்கள் இணைவு மின்சாரத்துக்கு ஒரு பாதைத் திட்டத்தை முன்வைத்தார்கள். முதலில் எஸ்.எஸ்.டி-பாரத் என்ற உலை, 2060 வாக்கில் 250 மெகாவாட் மாதிரி உலை. திட்டம் இருப்பது நல்லதுதான். அதைப் பற்றி எழுதிய பத்திரிகைகள், பேசிய பிரமுகர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டது மெகாவாட்டையும் வருடத்தையும்தான். உள்சுவர் எந்த வருடம் எத்தனை மணி நேரம் சோதனையில் தாங்கியிருக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த வரிதான் திட்டத்தின் முதல் வரியாக இருக்கவேண்டும்.

மாமா கேட்ட கேள்வி

குற்றாலத்தில் சீசன் கடை போடுகிற என் மாமாவிடம் இதைப் பேசினேன். "ஏ மருமவனே, செங்கோட்டை கணவாய்க் காத்து இருக்கு, காத்தாடி ஓடுது. தெக்க கூடங்குளம் இருக்கு. பொறவு எதுக்குடே சூரியனப் பானைக்குள்ள அடைக்கணும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். "காத்து வேண்டாம்னு நான் சொல்லல மாமா. சாரல் முடிஞ்சா உங்க கடையும் சாத்துது, காத்தாடியும் பாதிநாள் சும்மா நிக்குது. அந்த மாசத்துக்கும் கரண்ட் வேணும்ல?" என்றேன்.

"அது சரி, முப்பது வருசத்துல வரும் முப்பது வருசத்துல வரும்னு எங்க அப்பா காலத்துலருந்து சொல்லுதானுவளே?"

இந்த முப்பது வருடக் கிண்டலை உலகமே செய்கிறது. செய்யட்டும். ஆனால் ஏன் அந்த முப்பது குறையவே மாட்டேன் என்கிறது என்று கேட்கவேண்டாமா? சூடாக்குவதில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். சுவர், டிரிட்டியம், பராமரிப்பு என்ற மூன்றும் பின்னாலேயே நிற்கின்றன. ரஷ்யாவின் டி-11எம், இத்தாலியின் எஃப்.டி.யு, அமெரிக்காவின் பிரின்ஸ்டன், சீனாவின் ஈஸ்ட் என்று லித்தியத்தை வைத்துப் பார்த்த இடங்கள் இருக்கின்றன. ஆனால் தலைப்புச் செய்தியும் பெரும்பணமும் அந்தப் பக்கம் போவதில்லை. உலகத்திலேயே திரவ உலோகச் சுவரை நம்பி நிற்கிற கனடாவின் ஜெனரல் ஃபியூஷன் நிறுவனம் 2025 மே மாதம் பணம் போதாமல் கால்வாசிப் பேரை வேலையை விட்டு அனுப்பியது. அதே வருடம் காந்தத்தை முன்னிறுத்துகிற காமன்வெல்த் ஃபியூஷன் 86 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. தனியார் பணம் மினுக்குகிற பக்கம்தான் போகும். அதனால்தான் இந்த வேலையை அரசு செய்யவேண்டும் என்கிறேன்.

செலவா, சொத்தா?

இன்ட் ஏ.எஸ் 38 என்று ஒரு கணக்கியல் தரநிலை இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டத்தில் ஆகிற தொகையைச் சொத்தாகக் காட்டக்கூடாது, அந்தந்த வருடமே செலவாக எழுதிவிடவேண்டும். கம்பெனிக் கணக்குக்கு அது சரிதான், இல்லையென்றால் ஆளாளுக்குக் கற்பனைச் சொத்து காட்டுவார்கள். ஆனால் நாட்டை ஆளுகிறவர்களும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பதுதான் பிரச்சினை. உலை கட்டினால் அடிக்கல், திறப்பு விழா, புகைப்படம். சோதனைக் கூடத்தில் ஒரு தகடு ஆயிரம் மணி நேரத்தில் அரித்துப்போனது என்று கண்டுபிடித்தால் அதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்? 2025 பட்ஜெட்டில் சிறு அணு உலைகளுக்காக 20,000 கோடி அறிவித்தார்கள், 2033-க்குள் ஐந்து உலை என்றார்கள். எண்ணிக்கையும் தேதியும் இருந்தால்தான் பணம் வருகிறது என்றால், சோதனைக்கும் எண்ணிக்கையும் தேதியும் வைத்துக் கேளுங்கள் என்கிறேன்.

நான் கேட்பது மூன்றுதான்.

ஒன்று, கல்பாக்கமும் காந்திநகரும் சேர்ந்து கல்பாக்கத்தில் ஒரு திரவ உலோகச் சுவர்ச் சோதனைக் கூடம். வெப்பம், காந்தப்புலம், ஓட்டம் மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். தனித்தனியாகத் தேறியவை சேர்த்து வைக்கும்போது தேறும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இரண்டு, அதில் கெட்டுப்போனவற்றின் முடிவையும் வெளியிடவேண்டும். எது தாங்கவில்லை என்று தெரிவதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

மூன்று, உள்சுவர் குறிப்பிட்ட மணி நேரம் சோதனையில் தாங்கிக் காட்டும்வரை இணைவு மின் உலை எதற்கும் கட்டுமான ஒப்புதல் தரக்கூடாது. தேதி தள்ளிப்போனால் போகட்டும்.

"இது ஆராய்ச்சியைத் தாமதப்படுத்தும்" என்று சொல்வார்கள். மொஞ்சு அவசரமாகக் கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவர்களிடம் கேளுங்கள். "இந்தியா ஏழை நாடு, இதெல்லாம் எதற்கு" என்று இன்னொரு கூட்டம் சொல்லும். ஏழைதான் ஐயா சந்தையில் பானை வாங்கும்போது தட்டித் தட்டிப் பார்த்து வாங்குவான். பணக்காரனுக்கு உடைந்தால் இன்னொன்று வாங்க வசதி இருக்கிறது, நமக்கு இல்லை. அதனால் அடுத்த முறை "செயற்கைச் சூரியன்" என்று யாராவது மேடையில் முழங்கினால், கைதட்டிவிட்டு எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பானையைத் தட்டிப் பார்த்தாயிற்றா?